பழைய வீரா கார்: நின்றால் ஏர்கோன் சூடு, ராத்திரியில் லைட் மங்கல், கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கிறது

வீரா டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய புரோட்டோன் வீரா 1.5, ஆட்டோ கியர், 2002 மாடல். இப்போது நான் ஓட்டுகிறேன். வீடு மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஊருக்குள் யாரைக் கேட்டாலும் இன்னும் பத்தாங்தான். பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள் இருக்கிறது. தினமும் செம்மண் சாலை, முன்னாலும் பின்னாலும் செம்பனை (பாமாயில் பனை) ஏற்றிய லாரிகள்.

பிரச்சினை இதுதான். ஓடும்போது ஏர்கோன் (ஏசி) நன்றாகக் குளிர்கிறது. ஈஜோக் பக்கம் போக்குவரத்து ஜேமில் நின்றால் கொஞ்ச நேரத்தில் சூடான காற்று வருகிறது, திரும்ப நகர்ந்தால் குளிர்ந்துவிடுகிறது. இரவில் ஏர்கோன் போட்டால் முன் லைட் மங்குகிறது, தோட்டச் சாலையில் எதிரே மாடு நின்றாலும் தெரியாது. மூன்றாவது, டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடி ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறது, கையால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, கண்டென்சர், காருக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை இந்தக் காரின் இன்றைய விலையில் பாதிக்குப் பக்கம். மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. இந்த மூன்றுக்கும் ஒரே காரணமா, தனித்தனியா? வண்டியை விற்க மனசில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈஜோக் 850:
டீச்சர், ஏர்கோன் கேஸ் குறைந்திருக்கும். என் கெஞ்சில் காருக்கும் அப்படித்தான் இருந்தது, கேஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டது. முதலில் அதைச் செய்து பாருங்கள், செலவும் குறைவு.

கோலசிலாங்கூர் வயர்மேன்:
டீச்சர், இப்போதைக்குக் கேஸில் கை வைக்க வேண்டாம், கம்ப்ரஸரும் வாங்க வேண்டாம். ஓடும்போது குளிர்கிறது என்றாலே கம்ப்ரஸர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். செத்துப்போன கம்ப்ரஸர் நெடுஞ்சாலையில் மட்டும் எழுந்து வேலை செய்யாது.

கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ், முன்னால் இருக்கும் கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத்தான் திரவமாகும். ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கும்போது காற்றுக்கு ஃபேன் மட்டும்தான். ஃபேன் சரியில்லை என்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், உள்ளே சூடு, ஒரு கட்டத்தில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். இந்த நிலையில் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடும். நல்லா இருக்கும் கம்ப்ரஸரும் அப்போதுதான் போகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனை முழுசாகப் போட்டு, உள்ளே சூடு வரும்வரை நிறுத்தி வையுங்கள். அப்புறம் தோட்டக் குழாயால் முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் தண்ணீர் அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் குளிர் வந்தால் கேஸ் இருக்கிறது, கம்ப்ரஸர் இருக்கிறது, காற்றுதான் போதவில்லை.

பிறகு பானெட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். வீராவில் ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்சருக்கு ஒன்று. ஏர்கோன் போட்டால் கண்டென்சர் ஃபேன் சுற்ற வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கையோடு சேலையில் போய் நிற்காதீர்கள். அந்த ஃபேன் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது, முந்தானை சிக்கினால் ஆபத்து.

செம்பனை லாரி:
வயர்மேன் அண்ணன் சொல்வது சரி. இன்னொன்றையும் பாருங்கள் டீச்சர். கண்டென்சர் முன்னால் செம்மண் தூசியும் பஞ்சு மாதிரி நாரும் அப்பிக் கிடக்கும். மில் பக்கம் ஓடும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் ஜெட்டைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், அப்புறம் காற்றே போகாது.

எலியையும் மறக்க வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவே இல்லை, அதற்காகத்தான் பல தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். இரவில் சூடான எஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு வயரைக் கடித்துவிடும். வெட்டிப் போட்ட ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாதீர்கள்.

வீரா டீச்சர்:
அண்ணே, தம்பியை வைத்துக்கொண்டு செய்து பார்த்தோம். தண்ணீர் அடித்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே ஜில்லென்று வந்தது. அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து சோதித்துச் சொன்னார்கள்.

ஃபேன் சுற்றுகிறது. ஆனால் ரொம்ப மெதுவாக, இறக்கைகளை எண்ணிவிடலாம் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு வீராவில் அதே ஃபேன் சுற்றும்போது இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் ஃபேன் மோட்டார்தானே போயிருக்கிறது? ஹாஃப்கட் கடையில் (பழைய கார் சாமான் விற்கும் இடம்) ஒன்று இருக்கிறதாம், வாங்கிவிடவா?

கோலசிலாங்கூர் வயர்மேன்:
கொஞ்சம் பொறுங்கள். மெதுவாகச் சுற்றுகிற ஃபேனுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்தோ பேரிங் இறுகியோ இருக்கலாம். இல்லையென்றால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. எது என்று மீட்டர்தான் சொல்லும். ஹார்ட்வேர் கடையில் இருக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், 20 வோல்ட் டிசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தம்பி கவனமாகப் படிக்கட்டும். பல பேர் ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே மீட்டர் முனையை வைத்துப் பார்த்து, 12 வோல்ட் வருகிறது, ஆகவே வயர் நல்லது, மோட்டார் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது ஏமாற்றும். மூடிய தண்ணீர்க் குழாயில் அழுத்தம் முழுசாக இருக்கும், திறந்தால்தான் நூலாக வருகிறதா ஆறாக வருகிறதா என்று தெரியும். துருப்பிடித்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத கரண்ட். ஃபேன் இழுப்பதோ பல ஆம்பியர்.

அதனால் சாக்கெட்டைக் கழற்றாமல், ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாக்கெட்டின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் குண்டூசியைச் செருகி அளக்க வேண்டும். கையை இறக்கையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஊசி இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

முதலில் பேட்டரியின் இரு முனைக்கும் இடையே. அடுத்து ஃபேனின் இரு வயருக்கும் இடையே. அப்புறம் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும், சிவப்பு முனையை ஃபேனின் கறுப்பு வயரிலும் வைத்துப் பாருங்கள். கடைசியாக பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேனின் மற்ற வயருக்கும். இந்தக் கடைசி இரண்டும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரில் குறையில்லை, மோட்டாரை வாங்கலாம்.

கிராணி சாகா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1989 புரோட்டோன் சாகா கார், தோட்ட ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் வாங்கியது. காலையில் ஏர்கோன் அருமை. நல்ல வெயிலில் ஓடிச் சூடான பிறகு, திடீரென்று கம்ப்ரஸர் விட்டுவிடுகிறது. அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி டக்கென்று பிடிக்கிறது. டீச்சருடைய பிரச்சினைதானா இதுவும்?

கோலசிலாங்கூர் வயர்மேன்:
இல்லை ஐயா, இது வேறு. விட்டுவிடும் நேரத்தில் கம்ப்ரஸர் முன்தகட்டைப் பாருங்கள். பெல்ட்டும் புல்லியும் சுற்றும், முன்தகடு மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் கிளட்ச் வயரில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சுவிட்ச், ரிலே எல்லாம் நல்லது. முன்தகடு தேய்ந்து, புல்லியோடு உள்ள இடைவெளி அகன்றுவிட்டது. கிளட்சின் காந்தக் காயில் குளிர்ந்திருக்கும்போது தகட்டைப் பலமாக இழுக்கும். செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும், இழுவை குறையும், அகன்ற இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது.

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்தால் பொதுவாக 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நடு நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். கேஸை வெளியே விட வேண்டியதில்லை. வோல்ட் இல்லையென்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், தெர்மோஸ்டாட் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ரவாங் ஏர்கோன்:
கிராணி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. 89 சாகா என்றால் பிறப்பிலேயே ஆர்12 கேஸ். அது ஓசோனைக் கெடுப்பது என்று 1987 மாண்ட்ரியால் ஒப்பந்தத்தில் சேர்த்து நிறுத்தப்பட்டது. இடையில் யாராவது ஆர்134ஏ-வுக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றும்போது ஆயிலும் மாற வேண்டும். ஆர்12-க்கான மினரல் ஆயில், ஆர்134ஏ-வோடு கலந்து சுற்றாது, கம்ப்ரஸர் காய்ந்து போகும். சர்வீஸ் வால்வில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். எரியக்கூடிய கேஸை மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூலிங் காயில் ஒழுகினால் அது நேராகக் காருக்குள்தான் வரும்.

ஈஜோக் தம்பிக்கும் சொல்கிறேன். ஆர்134ஏ கேஸ் சும்மா குறையாது, மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகிய இடத்தில் ஆயில் கசிந்து தூசி அப்பி நிற்கும், பைப் மூட்டுகளைத் தடவிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஈஜோக் 850:
சரி அண்ணே, மூட்டுகளைப் பார்க்கிறேன். இன்னொரு கேள்வி. என் கெஞ்சிலில் காற்றை உள்ளே தள்ளும் புளோவர் கடைசி வேகத்தில் மட்டும்தான் வேலை செய்கிறது. மற்ற வேகங்களில் ஒரு சத்தமும் இல்லை.

கோலசிலாங்கூர் வயர்மேன்:
ரெசிஸ்டர் தம்பி. குறைந்த வேகங்களுக்குக் கரண்ட் அதன் வழியாகத்தான் போகும், கடைசி வேகத்துக்கு நேராகப் போகும். புளோவர் பெட்டியிலேயே, காற்று படும் இடத்தில் திருகியிருப்பார்கள், ஏனென்றால் அது சூடாகிற சாமான். புதுசு போடுவதற்கு முன் புளோவர் மோட்டாரைக் கையால் சுற்றிப் பார். இறுகியிருந்தால் கூடுதல் கரண்ட் இழுக்கும், புது ரெசிஸ்டரும் எரியும். சாக்கெட் உருகியிருந்தால் அதையும் மாற்று. எக்காரணம் கொண்டும் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதே. ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

வீரா டீச்சர்:
அண்ணே, தம்பி அளந்துவிட்டான். பேட்டரியில் 13.9. ஃபேனின் இரு வயருக்கு இடையே 9.2. பேட்டரி நெகட்டிவுக்கும் ஃபேனின் கறுப்பு வயருக்கும் இடையே 4.3. பாசிட்டிவ் பக்கம் 0.4. இன்னொன்று, முன் லைட்டைப் போட்டால் அந்த 4.3 இன்னும் ஏறுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

கோலசிலாங்கூர் வயர்மேன்:
உங்கள் தம்பி நன்றாக அளந்திருக்கிறான். 9.2, 4.3, 0.4 மூன்றையும் கூட்டுங்கள், 13.9 சரியாக வருகிறது.

ஃபேனுக்குக் கிடைக்க வேண்டியதில் 4.3 வோல்ட்டை எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, விழுங்குகிறது. மோட்டாரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, ஹாஃப்கட் கடைக்குப் போக வேண்டாம். லைட் போட்டால் ஏறுகிறது என்றால், லைட்டின் கரண்டும் அதே எர்த் போல்ட் வழியாகத்தான் திரும்புகிறது. ஏர்கோன் போட்டதும் லைட் மங்குவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. பல்புக்கு வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். உங்கள் காரில் அதைவிட அதிகமாகவே குறைகிறது.

ஃபேன் கறுப்பு வயரையும் லைட் கறுப்பு வயரையும் பிடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பாடியில் ஏதாவது ஒரு போல்ட்டில் மூன்று நான்கு கறுப்பு வயர் சேர்ந்து முடியும். பேட்டரி தட்டுக்குக் கீழேயும் ஹெட்லைட் பின்னாலும் முதலில் பாருங்கள். பேட்டரி ஆசிட்டும் செம்மண் சேறும் சேரும் இடம்.

கண்டுபிடித்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட், துரு எல்லாம் போய் வெள்ளையாக இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். வயர் முனைக் காதுகள் பச்சை பூத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு அழுத்துங்கள். வயரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்து உள்ளே கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்ட வேண்டும். பல் உள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

அந்தக் கையோடு எஞ்சின் எர்த்தையும் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மற்றது எஞ்சின் இரும்பில். ஸ்டார்ட் அடிக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எஞ்சினுக்குப் போகும் பட்டை வயரும் பழுது.

கண்ணாடி விஷயத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது பகலில், ஏர்கோன் இல்லாதபோதும் நிற்கிறது என்றால் வேறு கதை. பழைய புரோட்டோன்களில் பவர் விண்டோ ஒரு தனி அத்தியாயம். கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து இறுகிப் பிடிக்கும், மோட்டார் திணறும், திணறித் திணறி சுவிட்ச் கரிந்துவிடும். ரப்பர் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும்.

செம்பனை லாரி:
டீச்சர், வயர் கட்டுகளைப் பிரிக்கும்போது எலி கடித்த இடங்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மேலே டேப் நன்றாக இருக்கும், அடிப்பக்கம் கடித்திருக்கும்.

வீரா டீச்சர்:
கண்டுபிடித்துவிட்டோம்! பேட்டரி தட்டைத் தூக்கினால் அடியில் போல்ட் இருக்கும் இடமே தெரியவில்லை, செம்மண் கட்டியும் வெள்ளைப் பொடியும். போல்ட் பாதி திருகும்போதே உடைந்து வந்துவிட்டது. நான்கு கறுப்பு வயர் இருந்தது. ஒன்றின் காதைத் தொட்டதும் கையோடு வந்தது. தம்பி பக்கத்தில் புது ஓட்டை போட்டு, இரும்பு தெரியத் தேய்த்து, புது காதுகள் அழுத்தி இறுக்கினான். லாரி அண்ணன் சொன்னது போல ஒரு வயரின் அடிப்பக்கம் எலி கடித்திருந்தது, செம்பு தெரிந்தது. அதையும் வெட்டி, இணைத்து, சுருங்கும் குழாய் போட்டாயிற்று.

இப்போது ஃபேனின் கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1. ஃபேனுக்கு 13.4 கிடைக்கிறது. இறக்கை கண்ணுக்குத் தெரியவில்லை! ஸ்டார்ட் அடிக்கும்போது எஞ்சின் எர்த் 0.2. நேற்று மாலை ஈஜோக் ஜேமில் நின்றபோது அம்மா ஏர்கோனைக் குறைக்கச் சொன்னார்கள்.

இரவில் தோட்டச் சாலையில் லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறது தெரியுமா! ஓரத்து வாய்க்கால்கூடத் தெரிகிறது. எனக்கு ஏர்கோனைவிட அதுதான் பெரிய நிம்மதி.

ரவாங் ஏர்கோன்:
மகிழ்ச்சி டீச்சர். வசதிப்படும்போது யாரிடமாவது கேஸ் அழுத்தம் அளக்கும் கேஜ் மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கேஸ் ஏற்ற வேண்டாம். நம் ஊர் வெயிலில் எஞ்சின் ஓடும்போது தாழ்வுப் பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்வுப் பக்கம் 200-லிருந்து 250-க்குள் இருந்தால் நல்ல நிலைமை. இரண்டும் தாழ்வாக இருந்தால் ஒழுக்கு. இரண்டும் உயரமாக இருந்தால் கேஸ் கூடுதல், அல்லது கண்டென்சர் அழுக்கு. தாழ்வு உயரமாகவும் உயர்வு தாழ்வாகவும் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால் மட்டும் கம்ப்ரஸரைச் சந்தேகப்படலாம்.

கிராணி சாகா:
என் கம்ப்ரஸரின் இடைவெளியில் 0.8 மில்லிமீட்டர் கேஜ் தாராளமாக நுழைந்தது. வாஷர் ஒன்றை எடுத்ததும் 0.4. நடு வெயிலில் கோலசிலாங்கூர் போய் வந்தேன், விடவே இல்லை. ஸ்டிக்கரில் ஆர்134ஏ என்று இருக்கிறது, ஆயில் மாற்றினார்களா என்று பழைய பில்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீரா டீச்சர்:
கேஜ் மாட்டிப் பார்த்தோம். தாழ்வு 36, உயர்வு 215. கேஸ் ஏற்றவில்லை, கம்ப்ரஸரும் அதேதான்.

இப்போது இன்னொன்று. ஏர்கோன் நன்றாகக் குளிர ஆரம்பித்ததிலிருந்து முன் சீட்டுப் பயணியின் கால் பக்கம் கார்ப்பெட் நனைகிறது. கூலிங் காயில் ஒழுகுகிறதா?

கோலசிலாங்கூர் வயர்மேன்:
காயில் ஒழுகினால் கேஸ்தான் போகும், தண்ணீர் வராது. காயிலில் வியர்க்கும் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கிறது. கார் நின்ற இடத்தில், எஞ்சின் பின்பக்கம் தரையில் தண்ணீர் சொட்டுகிறதா? சொட்டவில்லையென்றால் அதுதான். பானெட்டுக்குள் பின் சுவரிலிருந்து கீழ்நோக்கி வரும் சின்ன ரப்பர் குழாயைத் தேடுங்கள். மெல்லிய கம்பியின் முனையை மடக்கிவிட்டு மெதுவாக விடுங்கள். கூர்முனையோடு ஆழமாகக் குத்தினால் காயிலில் ஓட்டை விழும், கவனம்.

பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி வெயிலில் காய வையுங்கள். அடியில் ஈரம் நின்றால் தரைத் தகடு துருப்பிடிக்கும், அங்கே ஓடும் வயர் மூட்டுகளும் கெடும்.

வீரா டீச்சர்:
குழாயிலிருந்து செம்மண்ணும் எறும்புக் கூடும் கட்டியாக வந்து விழுந்தன, பின்னாலேயே ஒரு குவளை தண்ணீர். இப்போது தரையில் ஒழுங்காகச் சொட்டுகிறது. கார்ப்பெட் வேலி மேல் காய்கிறது. கண்ணாடி சிலிக்கோன் அடித்த பிறகு மேலே வரை போகிறது, ஆனால் சுவிட்சைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை தம்பி சுவிட்சைக் கழற்றி உள்ளே கரிந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறான். அண்ணே, அதற்கும் ஏற்றும்போதே வோல்ட் அளக்க வேண்டுமா?

கோலசிலாங்கூர் வயர்மேன்:
ஆமாம். கதவு மோட்டார் சாக்கெட்டின் பின்னால் ஊசி வைத்து, கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போது. பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்ச், அல்லது கதவு மடிப்பில் வளைந்து வளைந்து அறுந்த வயர். அந்த ரப்பர் உறையை விலக்கி அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.